கால் விழுகிற இடம்

"கொஞ்சம் நடந்து காட்டுங்க பெரியம்மா. எப்பவும் நடக்கிற மாதிரியே. எங்களுக்காக நடக்க வேணாம்."

மேஸ்திரி இப்படிச் சொன்னதும் நண்பரின் தாயாருக்கு வெட்கமாகிவிட்டது. எழுபத்தெட்டு வயது. புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்த செம்மண்ணில் வெறுங்காலோடு நடந்தார், வாசல்படியிலிருந்து கிணற்றடி வரைக்கும். பின்னாலேயே குனிந்தபடி போன மேஸ்திரி, ஒவ்வொரு தடத்தின் குதிகாலிலும் ஒரு செங்கல் துண்டை வைத்தார். பிறகு டேப்பை இழுத்து அளந்தார். 17 இன்ச். 16. மறுபடி 17. வேப்பமரத்தைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் 14.

அடுத்து பேரன். பிளஸ் டூ படிக்கிறான். அவன் காலுக்கு 27 வந்தது.

நண்பர் தன் போனில் ஒரு படம் வைத்திருந்தார். பச்சைப் புல்வெளியில் வட்டவட்டமாகக் கற்கள், நடுவே வெள்ளைக் கூழாங்கல். அந்த மாதிரிதான் வேண்டும் என்றார். மேஸ்திரி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு சார். ஆனா இதுல ஆளு நடக்கல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகிற வழியில், வானூர் வட்டாரத்தில் இருக்கிறது அந்த வீடு. தோட்டத்தில் கல்பாதை போடுகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று நாள் அங்கே தங்கினேன். மேஸ்திரி, அவருடைய மருமகன், சித்தாள் வேலைக்கு இரண்டு பெண்கள் என நான்கு பேர். பாதையின் நீளம் 42 அடிச் சொச்சம். இரண்டு நாளில் முடியும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். கல்லை வைப்பதுதான் வேலை என்று நினைத்துப் போட்ட கணக்கு அது.

பதினேழுக்கும் இருபத்தேழுக்கும் எப்படி ஒரே பாதை போடுவது? பாட்டியின் அடிக்குக் கல் வைத்தால் பேரன் தத்தித் தத்தி நடப்பான். ஒரு கல்லை விட்டு அடுத்த கல்லுக்குத் தாவினால் மூன்றடி. பேரனின் அடிக்கு வைத்தால் பாட்டியின் ஒரு கால் கல்லிலும் மறு கால் கூழாங்கல்லிலும் விழும். பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு, கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்கு இரண்டடி. யாருக்கோ சரியாக வருகிற கணக்கு. மேஸ்திரி குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். கல்லைப் பெரிதாக்கி இடைவெளியைச் சுருக்கினால் போதும். குறுக்கே இரண்டடி, நடக்கிற வாக்கில் 15 இன்ச், நடுவே 4 இன்ச் சந்து. "அடிக்கு அடி கல்லு தேடக் கூடாது சார். கால் எங்க வுழுந்தாலும் கல்லு இருக்கணும்." மொத்தம் 27 கல்.

படத்தில் இருந்த வட்டக் கல் அதோடு போயிற்று. நண்பருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஜப்பானியத் தேநீர்த் தோட்டங்களைப் பற்றிச் சொன்னேன். அங்கே இந்தத் தாவுகல் பாதைக்கு 'தோபி இஷி' என்று பெயர். 1591இல் இறந்த சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான், பாதையில் நடப்பதற்கு ஆறு பங்கு, பார்ப்பதற்கு நாலு பங்கு என்று வைத்தாராம். அவருடைய சீடர் ஒரிபே அதை அப்படியே தலைகீழாக்கி, பார்ப்பதற்கு ஆறு என்றாராம். மேஸ்திரி கவனமாகக் கேட்டுக்கொண்டார். "மழை பெய்யறப்ப எத்தினி பங்கு சார்?"

கேள்வி விளையாட்டாக வந்தாலும் முழு வேலையும் அதில்தான் இருந்தது. அந்த மேட்டுச் செம்மண் ஐப்பசி மழையில் கரைந்து ஓடுகிற மண். பாதை சரிவுக்குக் குறுக்கே போகிறது. கல்லை வெறுமனே மண்ணில் பதித்தால் முதல் மழையில் கல்லுக்கு அடியில் தண்ணீர் புகுந்து அரிக்கும், இரண்டாம் மழையில் கல் ஒரு பக்கம் இறங்கும். பாதையே வரப்பு மாதிரி தண்ணீரைத் தேக்கினாலும் தேக்கும்.

ஆகவே, முதல் நாள் முழுக்கத் தோண்டல். ஆறரை இன்ச் ஆழம்: 4 இன்ச் ஜல்லி, 1 இன்ச் கிரஷர் டஸ்ட், கல்லின் கனம் 2 இன்ச். கூட்டினால் ஏழு. மிச்ச அரை இன்ச் கல் தரைக்கு மேலே நிற்கும். வேப்பமரத்தை நெருங்கியபோது கடப்பாரையை வைத்துவிட்டு மருமகன் கையால் மண்ணைத் தோண்டினார். கட்டைவிரல் கனத்தில் ஒரு வேர். நண்பர் வெட்டிவிடலாம் என்றார். மேஸ்திரி நூலை அவிழ்த்து, ஒரு முழம் தள்ளி மறுபடி கட்டினார். பாதை வளைந்தது. அழகுக்காக வளைத்தது என்று இனி வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

தோண்டின மண்ணை அக்கா (சித்தாள்களில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிட்டேன்) சும்மா கொட்டவில்லை. சல்லடையைச் சாய்த்து நிறுத்தி, மண்வெட்டியால் மண்ணை அதன்மேல் வீசினார். செம்மண் அந்தப் பக்கம் விழுந்தது. இந்தப் பக்கம் சலசலவென்று உருண்டு வந்தவை கூழாங்கற்கள். பழுப்பு, பால்வெள்ளை, வெளிறிய மஞ்சள். புளியங்கொட்டை அளவிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு வரை. ஆறே இல்லாத மேட்டில் ஆற்றுக்கல் எப்படி வந்தது?

பக்கத்தில்தான் திருவக்கரை. வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் அங்குள்ள கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மரங்களில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள். அந்த மணல் இறுகியதைக் கடலூர் மணற்கல் என்பார்கள். மரத்தை உருட்டி வந்தது மாதிரியான வெள்ளங்கள்தான் இந்தக் கூழாங்கல்லையும் உருட்டி மழுக்கியிருக்கின்றன.

இதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப கடையில மூட்டை கணக்குல வாங்கறாங்களே, அது எங்க சார் உருண்டுச்சு?" நர்சரியில் விற்கிற பளபள வெள்ளைக் கல்லைச் சொல்கிறார். அதில் பெரும்பாலானது பளிங்குச் சில்லு. இயந்திர உருளையில் தண்ணீரோடு போட்டுச் சுற்றி முனை மழுக்குகிறார்கள். நண்பர் ஏற்கெனவே வாங்கி அடுக்கியிருந்தார். பாதைக்குத் தேவை ஏழெட்டு கன அடி, அதாவது முந்நூற்றைம்பது கிலோ அளவுக்கு. அக்கா சலித்ததில் இரண்டு கன அடி தேறியது. கழுவிக் காயவைத்ததும் நண்பரே அதை வாசல் பக்கம் போடச் சொல்லிவிட்டார். கடைக் கல் கிணற்றடிப் பக்கம் போயிற்று.

இரண்டாம் நாள் திமிசு. கனமான இரும்புத் தகடும் நீளப் பிடியும். முக்கால் ஜல்லியும் டஸ்ட்டும் கலந்து இரண்டு இன்ச் பரப்பி, தண்ணீர் தெளித்து, இடிக்க வேண்டும். பிறகு அடுத்த இரண்டு இன்ச். மொத்தமாகக் கொட்டி இடித்தால் மேலே இறுகும், அடியில் இறுகாது. இடித்தவர்கள் இரண்டு பெண்களும்தான். முதலில் 'தொப்பு தொப்பு' என்று கேட்டது. கால் மணி நேரத்தில் சத்தம் மாறியது. திமிசு விழுந்ததும் கையை நோக்கித் திரும்பித் துள்ளியது. மேஸ்திரி தூரத்தில் கல்லுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே, "போதும், அடுத்த குழி" என்றார். ஜல்லிக்கு முனை இருக்கிறது, ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். கூழாங்கல்லை எத்தனை இடித்தாலும் நழுவும். கடிக்கிற கல் அடியில், நழுவுகிற கல் மேலே. மேலே வைப்பதும் ஒப்பனைக்கு மட்டுமில்லை. சந்து வழியாக மழைத்தண்ணீர் இறங்க வேண்டும்.

கல் திண்டிவனம் சாலையில் ஒரு பட்டறையிலிருந்து வந்தது. வெளிர்சாம்பல் கருங்கல். ஒவ்வொன்றும் 30 கிலோவுக்கு மேல். கடப்பா கல் மலிவு, வழவழப்பு, கறுப்பு. மேஸ்திரி அதை வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணம். மழைக்காலத்தில் பாசி பிடித்தால் வழுக்கும். சித்திரை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. வந்த கல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தது. வாயுத் தீச்சுடரால் வாட்டியிருக்கிறார்கள். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் மணிகள் 573 டிகிரியில் சட்டென்று விரிந்து, மேல்தோல் பொரிந்து தெறித்துவிடும். மேஸ்திரிக்கு இதில் பெரிய மதிப்பில்லை. அவருடைய அப்பா ஊர் ஊராய்ப் போய் அம்மி கொத்தினவர். "உளியில பொளிஞ்ச கல்லு கால புடிக்கும் சார். இது பொரிஞ்ச அப்பளம்."

அப்பாவைப் பற்றி மேலும் கேட்டேன். கடைசியில் இழுப்பு வந்து இறந்தாராம். டிபி என்று மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லையாம். கல்தூசியால் வருகிற சிலிகோசிஸை டிபி என்று எண்ணி வைத்தியம் பார்ப்பது கல் வேலைக்காரர்கள் மத்தியில் அடிக்கடி நடக்கிறது. இதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மருமகன் மரத்தடி வளைவுக்காகக் கல்லை அறுக்க ஆரம்பித்தார். கிரைண்டர் அலறியது. ஒரு நொடியில் ஆள் வெள்ளையாகிவிட்டார். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். நுரையீரலுக்குள் போகிற தூசிக்குத் துண்டு ஒரு தடையே இல்லை. சின்ன சித்தாள் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். தூசி அடங்கியது, ஆனால் கையில் கரண்ட் மெஷின். இரண்டில் எது மோசம் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் நண்பர் முகக்கவசம் வாங்கி வந்தார். மறுநாள் அது மருமகனின் கழுத்தில் தொங்கியது. மூச்சு முட்டுகிறதாம்.

மூன்றாம் நாள்தான் கல் பதித்தார்கள். ட்யூப் மட்டம் பிடித்து, தோட்டப் பக்கம் அரை இன்ச் சரிவு கொடுத்தார்கள். இரண்டடிக் கல்லுக்கு அந்தச் சரிவு போதும். தண்ணீர் நிற்காது, காலுக்கும் தெரியாது. சிமெண்ட் கிடையாது. டஸ்ட் படுக்கைதான். கலவை போட்டுப் பதித்தால் வேர் தூக்கும்போது கல் உடையும், உடைந்ததைப் பெயர்க்கவும் முடியாது. இப்படி வைத்தால் கடப்பாரை முனையால் நெம்பி எடுத்து, அடியைச் சரிசெய்து, திரும்ப வைக்கலாம்.

நானும் ஒரு கல் வைத்தேன். பதினோராவது கல். டஸ்ட்டைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மருமகன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக இறக்கினோம். ரப்பர் சுத்தியால் தட்டினேன். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில். பெருமையாக நிமிர்ந்தேன். மேஸ்திரி வந்து கல்லின் நாலு மூலையிலும் ஏறி நின்றார். மூன்றாவது மூலையில் 'டுக்' என்று மெல்லிய சத்தம். சுத்தியின் பிடியால் நடுவில் தட்டினார், பொக்கையாகக் கேட்டது. கல்லைத் தூக்கியதும், டஸ்ட்டில் அதன் அடிப்பக்கம் பதிந்த தடம் தெரிந்தது. ஒரு மூலையில் மட்டும் தடமே இல்லை. கல்லின் அடி அங்கே குழிந்திருக்கிறது. நான் மேலே மட்டம் பார்த்தேன். அவர் அடியைப் பார்த்தார். ஒரு கைப்பிடி டஸ்ட்டை அந்த மூலையில் குவித்து, விரலால் தடவி, கல்லை இறக்கினார். மறுபடி நாலு மூலை. சத்தமில்லை.

அந்தக் குழிந்த மூலையை அக்கா முன்னாடியே கவனித்திருந்தார். கல்லை எடுத்துக் கொடுக்கும்போது, "இது ஒரு பக்கம் கொற கல்லு" என்று சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறார். அதற்கு முன் மல்லாட்டைக் கொல்லையில் கூலி. எந்த ஜல்லியில் மண் கலந்திருக்கிறது, எந்தக் கல் விரிசல் விட்டது என்று தட்டிப் பார்க்காமலே சொல்வார். கரணையை மட்டும் யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. மேஸ்திரியின் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே அவருக்கு. ஏன் என்று கேட்டால் அவரே, "அவரு வெக்கிறாரு, நான் எடுத்துத் தரேன்" என்கிறார். நான் மேஸ்திரியிடமும் கேட்டேன். "கேட்டாக் குடுப்பேன் சார்" என்றார். கேட்காமல் மருமகனுக்குக் கொடுத்திருக்கிறார்.

கூழாங்கல் நிரப்புவது அக்காவின் வேலை. கல்லின் விளிம்புக்கு அரை இன்ச் கீழேயே நிறுத்தினார். நிறைந்து வழிந்தால் பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் ஒரே ஒரு உருண்டைக் கல் பதித்த கல்மேல் ஏறி, அதன்மேல் பாட்டியின் கால் விழுந்தால் இடுப்பெலும்பு போயிற்று. இரண்டு ஓரத்திலும் செங்கல்லைக் குத்தலாக வைத்து அணை கட்டி, தண்ணீர் போக இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சந்து விட்டார்கள்.

நாலு மணிக்கு மேஸ்திரி ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டார். தண்ணீர் கல்மேல் படர்ந்து, சரிந்து, கூழாங்கல்லுக்குள் மறைந்தது. எங்கேயும் நிற்கவில்லை. பாட்டி பூக்கூடையோடு வந்தார். எல்லோரும் ஒதுங்கி நின்றோம். முதல் கல், இரண்டாம் கல். கீழே பார்க்காமலே நடந்தார். வளைவுக்குச் சற்று முன்னால், பாதையைவிட்டுச் சட்டென்று மண்ணில் இறங்கினார். அங்கேதான் செம்பருத்திச் செடி. முதல் நாள் எங்களுக்கு நடந்து காட்டியபோது அவர் கையில் கூடை இல்லை.

மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு செடியையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். வளைவுக்கு அறுத்ததில் மிச்சமான ஒரு துண்டுக் கல் சுவரோரம் சாய்ந்திருந்தது. மருமகன் ஏற்கெனவே கைகால் கழுவிச் சட்டை மாற்றியிருந்தார். அக்காதான் மண்வெட்டியை எடுத்தார்.

"எத்தினி ஆழம்?"

"அதே ஆறரைதான்."

ஜல்லி கொட்டி, திமிசு போட்டு, டஸ்ட் பரப்பினார்கள். கல்லை இருவருமாக இறக்கினார்கள். மேஸ்திரி ஏறி நின்று பார்ப்பதற்கு முன்பே அக்கா நாலு மூலையிலும் ஏறி இறங்கிவிட்டார்.