தரை தாமதிக்கும்போது

ஜனவரி 9, 2021, சனி

அக்கா மகனின் கணினியில் இருப்பது நாலு கோர் உள்ள பழைய ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதில்தான் எக்ஸ்-பிளேன் 11 என்ற விமானச் சிமுலேட்டரை ஓட்டுகிறான். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறி, மேற்கே பாளையங்கோட்டை, திருநெல்வேலி தாண்டிப் பொதிகை மலை வரை போய்த் திரும்புவது அவனுக்குப் பிடித்த வழி. ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அந்தப் பகுதி முழுவதற்கும் செயற்கைக்கோள் படத்தை அவனே தயாரித்துத் தரையில் விரித்து வைத்திருக்கிறான். தாமிரபரணி எங்கே திரும்புகிறது, எந்தக் குளத்தை அடுத்து எந்தக் குளம் வரும் என்று மேலிருந்தே சொல்வான்.

இன்று கூப்பிட்டான். "மாமா, எஸ்எஸ்டி போட்டா எஃப்பிஎஸ் ஏறுமா?"

பொங்கலுக்கு வரும் பணத்தையும் சேமிப்பையும் சேர்த்தால் ஒரே ஒரு பொருள் வாங்கலாம். கடையில் விசாரித்தானாம். "போட்டுப் பாரு தம்பி, எல்லாமே பறக்கும்" என்றார்களாம். கல்லூரிக்குப் போகிற பையன் மாதாமாதம் எடுத்துவைத்த காசு அது. ஆமாம் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. என் கணினியிலும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் கிடக்கிறது. மாற்றும் யோசனை எனக்கும் இருந்தது.

"கொஞ்சம் பொறுடா. முதல்ல என் மெஷின்ல அளந்து பார்த்துடறேன்" என்றேன்.

ஜனவரி 10, ஞாயிறு

வாங்குவதற்கு முன் கணக்கு. காலை முழுக்க இதற்கே போனது, நல்ல காலை.

ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். தேடும் தகவல் படிக்கும் தலைக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிசெகண்ட் ஆகும். தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8 அல்லது 9. ஆக, எங்கோ கிடக்கும் ஒரு சின்னக் கோப்பை எடுக்க 12.5 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 80 கோப்பு. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் கிடையாது, நகர்வதும் கிடையாது. அதே வேலை 0.1 மில்லிசெகண்டில் முடிகிறது.

இனி பையனின் தரைப்படம். எக்ஸ்-பிளேன் உலகத்தை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டங்களாகப் பிரிக்கிறது. திருநெல்வேலி, நாகர்கோவில், பொதிகை மூன்றும் வடக்கு 8, கிழக்கு 77 என்ற ஒரே கட்டத்தில் வருகின்றன. வாகைக்குளம் ஓடுதளம் மட்டும் 78 டிகிரிக் கோட்டுக்குச் சற்றே கிழக்கில். மேற்கு நோக்கிக் கிளம்பினால் மூன்று கிலோமீட்டருக்குள் அடுத்த கட்டத்துக்குள் நுழைந்துவிடுவோம். அவன் பயன்படுத்தும் 17ஆம் பெரிதாக்க நிலையில் ஒரு படம் 4,096 க்கு 4,096 புள்ளி. தரையில் பக்கத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுருக்கிய பிறகும் ஒவ்வொன்றும் சுமார் 11 எம்பி. கட்டம் முழுக்க நிலமாக இருந்தால் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படங்கள், ஏறக்குறைய 6 ஜிபி.

6 ஜிபி என்றதும் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் ஓட்டுவது செஸ்னா 172. 110 நாட் வேகத்தில் ஒரு டிகிரியைக் கடக்க அரை மணிக்கு மேல் ஆகும். பெரிய கோப்புகளை வரிசையாகப் படிக்கும்போது ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி தரும். 6 ஜிபியை 40 நொடியில் படித்துவிடும். அரை மணி நேரப் பயணத்துக்கு 40 நொடி வேலை. பெரிய படங்களைப் பொறுத்தமட்டில் பழைய டிஸ்கே தாராளமாகப் போதும். இந்த விடை எனக்கே வியப்பு.

சிக்கல் சில்லறைக் கோப்புகளில் இருக்கிறது. மரம், வீடு, மின்கம்பம், ஓடுதள விளக்கு, விமானி அறையின் ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய ஓவியம், ஒலி என்று எல்லாம் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் குடோனுக்கு ஓடிப்போய் வரும் மளிகைக் கடைப் பையனின் நிலைமை ஹார்ட் டிஸ்குக்கு. 10,000 சின்னக் கோப்பு என்றால் தேடும் நேரம் மட்டுமே 125 நொடி. எஸ்எஸ்டிக்கு அதே கணக்கில் 1 நொடி. ஏற்றும்போது அவனைக் காத்திருக்க வைப்பது இந்த இரண்டு நிமிடங்கள்தான்.

எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை சட்டகம் என்ற கணக்கு, வேறு. நொடிக்கு 30 சட்டகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிசெகண்ட். இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றின் விசை, மேகம், நிழல், எதை வரைய வேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடும் உத்தரவு எல்லாம் அந்த 33க்குள் நடக்கின்றன. தேவையான பொருள் ஏற்கெனவே ரேமில் இருக்கிற வரை டிஸ்குக்கு அந்த நேரத்தில் பங்கே கிடையாது. பங்கு இல்லாத இடத்தில் அதை எவ்வளவு வேகமாக்கினாலும் எண் ஏற வழியில்லை.

ஜனவரி 13, புதன்

போகி. அலமாரியை ஒழிக்கும்போது எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய சிமுலேட்டரின் பெட்டி கிடைத்தது. 2006இல் வந்தது, இரண்டு டிவிடி. இதை மட்டும் எறிய மாட்டேன்.

அந்தக் காலத்தில் வேகமான விமானத்தில் போனால் கீழே தரை மங்கிப்போகும். படம் வந்து சேர்வதற்குள் நாம் அந்த இடத்தைக் கடந்திருப்போம். டிஸ்கை மாற்று என்ற அறிவுரை அப்போதே தொடங்கிவிட்டது. ஆனால் அதன் அமைப்புக் கோப்பில் ஃபைபர் ஃப்ரேம் டைம் ஃப்ராக்‌ஷன் என்று ஒரு வரி உண்டு. ஒவ்வொரு சட்டகத்திலும் நிலப்பரப்பைத் தயாரிக்க எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்பதை அது சொல்லும், இயல்பாக 0.33. டிஸ்க் எவ்வளவு வேகமாகக் கொண்டுவந்து கொட்டினாலும் பிராசசர் அந்த மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள்தான் அதைத் தொடும். பதினான்கு வருஷம் கழித்தும் அடிப்படை மாறவில்லை: வந்த பொருளை விரித்து, சேர்த்து, நிலமாக்க வேண்டியது பிராசசர்.

ஜனவரி 17, ஞாயிறு

நேற்று சென்னை ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி வாங்கினேன். சாட்டா வகை, நொடிக்கு 550 எம்பி வரை படிப்பது. இன்று அளவு.

அளப்பதில் ஒழுங்கு வேண்டும். ஒருமுறை ஏற்றிய கோப்புகளை விண்டோஸ் மீதமிருக்கும் ரேமில் வைத்துக்கொள்கிறது. அதனால் எந்த டிஸ்கிலும் இரண்டாவது தடவை வேகமாகவே ஏறும். முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் கணினியை அணைத்துப் போட வேண்டும். நேரடி வானிலை வேண்டாம், நேரடிப் போக்குவரத்து வேண்டாம், நேரம் நண்பகலில் நிற்கட்டும். தேர்ந்தெடுத்த இடம் நியூயார்க். லாகார்டியாவிலிருந்து ஏ320 நியோவில் ஏறி மன்ஹாட்டன் மேலாகத் தாழ்வாகப் பறப்பது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கணினியைத் திணற வைக்கும் இடங்களில் அது ஒன்று.

ஏறும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒவ்வொரு முறையும் அப்படியே.

டெவலப்பர் மோடில் மூலையில் தெரியும் எஃப்பிஎஸ் பலகையைப் பறக்கும் நேரம் முழுக்கக் கவனித்தேன். ஹார்ட் டிஸ்கில் இருந்தபோது அது "மெயின் த்ரெட்டால் தடைபடுகிறது" என்று காட்டியது. எஸ்எஸ்டியிலும் அதே வாசகம், அதே எண். மன்ஹாட்டன் மேலே என் பிராசசரின் ஒரு கோர் முழுமூச்சில் வேலை செய்கிறது. டிஸ்க் சும்மா இருக்கிறது.

ஆனால் கைக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்று உண்டு. முன்பு ஓடுதளத்தை நெருங்கும்போது காட்சி அவ்வப்போது ஒரு கணம் நின்று துள்ளும். அது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. சராசரி எஃப்பிஎஸ் இதைக் காட்டாது. 30 வீதம் ஓடும் ஒரு நிமிடத்தில் அரை நொடி உறைந்தால் 15 சட்டகம் போகும், சராசரி 29.75 என்று வரும். எண்ணைப் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. விமானியின் கையோ அந்த அரை நொடியில்தான் தடுமாறுகிறது. 140 நாட் வேகத்தில் இறங்கும் விமானம் அரை நொடியில் 36 மீட்டர் கடக்கும். தரைக்குச் சற்று மேலே, மூக்கை உயர்த்த வேண்டிய தருணத்தில் அது நேர்ந்தால் இறக்கம் கெட்டுப்போகும். சிமுலேட்டரில் இறங்கிப் பழகுபவருக்குச் சராசரியைவிட இந்தத் துள்ளல் முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஜனவரி 24, ஞாயிறு

எஸ்எஸ்டிக்கு வந்த பிறகும் சில ஊர்களின் மேல் கட்டடங்கள் மெதுவாகத்தான் வடிவம் பெறுகின்றன. காரணம் டிஸ்க் இல்லை. இந்தச் சிமுலேட்டரின் உலகம் என் வீட்டில் கிடையாது. போர்தோ நகரத்து அசோபோ ஸ்டுடியோ உருவாக்கியது. பிங் வரைபடங்களிலிருந்து வரும் அந்த நிலம் பெட்டாபைட் கணக்கில் அஷூர் சர்வர்களில் இருக்கிறது. ஐரோப்பாவில் பெட்டியில் வைத்து விற்ற பதிப்பில் இரட்டை அடுக்கு டிவிடிகள் 10. அவ்வளவு இருந்தும் உலகம் அதில் அடங்கவில்லை. பறக்கப் பறக்க இணையம் வழியே வருகிறது. அவர்கள் பரிந்துரைப்பது 20 எம்பிபிஎஸ் இணைப்பு, மிகச் சிறந்த நிலைக்கு 50. எஸ்எஸ்டி என்ற சொல் அவர்களுடைய பட்டியலில் அந்த மிகச் சிறந்த நிலையில்தான் வருகிறது; குறைந்தபட்சத் தேவைக்கு 150 ஜிபி ஹார்ட் டிஸ்க் போதும் என்றே போட்டிருக்கிறார்கள்.

ஒரே வழியில் திரும்பத் திரும்பப் பறப்பவருக்கு ஒரு பயன் உண்டு. இறங்கிய நிலத்தை ரோலிங் கேஷ் என்ற கோப்பில் சேமிக்கிறார்கள், இயல்பாக 8 ஜிபி. அதை எஸ்எஸ்டியில் வைத்துக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாமே என்று அலுவலக நண்பர் கேட்டார். நொடிக்கு 3,500 எம்பி தரும் என்பது உண்மை. ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டாவுக்கு வரும்போது ஒரு சின்னக் கோப்புக்கான காத்திருப்பு நூறில் ஒரு பங்காகிறது. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது அப்படி ஒரு தாவல் இல்லை. அதற்குள் சுருக்கிய கோப்பை விரிக்கும் பிராசசரின் முறை வந்துவிடுகிறது. பையனின் பழைய மதர்போர்டில் அதற்கு இடமும் கிடையாது.

பதிலை எழுதி அனுப்பினேன். எஃப்பிஎஸ்ஸுக்காக என்றால் வாங்காதே. காத்திருப்புக்காகவும் துள்ளலுக்காகவும் என்றால் 500 ஜிபி சாட்டா வாங்கு. விண்டோஸையும் சிமுலேட்டரையும் அதில் போடு. கணக்குப் போட்டுப் பார்த்த அந்தப் பெரிய தரைப்படங்கள் பழைய டிஸ்கிலேயே இருக்கட்டும். கஸ்டம் சீனரி ஃபோல்டரில் அவற்றுக்கு ஒரு ஷார்ட்கட் வைத்தால் எக்ஸ்-பிளேன் எடுத்துக்கொள்ளும். அதனால் பெரிய எஸ்எஸ்டிக்குச் செலவழிக்க வேண்டாம்.

பிப்ரவரி 7, ஞாயிறு

வாங்கிவிட்டான். "காபி போட நேரமில்ல மாமா, அதுக்குள்ள ஏறிடுது" என்கிறான். எஃப்பிஎஸ் பழைய எண்ணிலேயே நிற்கிறது என்பதையும் அவனே சொன்னான். ஏமாற்றம் இல்லை, முன்பே தெரியும் என்றான். எனக்கு அது போதும்.

துள்ளல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பறக்கச் சொன்னேன். பொதிகையை நெருங்கும்போது 8 ஜிபி ரேமும் நிரம்பி, விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் உள்ள பேஜ் கோப்பில் எழுதிப் படிக்கிறது. அந்தக் கோப்பு எஸ்எஸ்டிக்கு வந்ததால் அடி லேசாக விழுகிறது. ரேம் போதாமையை எஸ்எஸ்டி மறைக்கும், தீர்க்காது.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

ஜூலை 27இல் சிமுலேட்டருக்கு ஐந்தாவது பெரிய அப்டேட் வந்தது. அன்றே எக்ஸ்பாக்ஸிலும் வெளியானது. அந்தப் பெட்டியின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக உள்ளே நிறைய திருத்தியிருக்கிறார்கள். ஜனவரியில் செய்த அதே மன்ஹாட்டன் பறப்பை இன்று மறுபடியும் செய்தேன். அதே பிராசசர், அதே கார்டு, அதே எஸ்எஸ்டி. எஃப்பிஎஸ் நன்றாகவே ஏறியிருக்கிறது. ரேம் உபயோகம் கண்கூடாக இறங்கியிருக்கிறது. எந்தப் பொருளும் வாங்காமல் கிடைத்த வேகம். மெயின் த்ரெட்டின் சுமையைக் குறைத்தவர்கள் கொடுத்தது.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது. கண்ணில் படாத பக்கத்தை இப்போது சீக்கிரமே நினைவகத்திலிருந்து விட்டுவிடுகிறது. தலையைச் சட்டென்று திருப்பினால் கட்டடங்கள் ஒரு கணம் கழித்து முளைக்கின்றன. ரேமில் இடம் இருப்பவருக்கு அதை வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுக்க வேண்டும். இதை அவர்கள் ஒரு விருப்பத் தேர்வாகவாவது தருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

பையனிடம் பேசினேன். தீபாவளிக்கு ரேம் என்று முடிவாயிற்று, இன்னொரு 8 ஜிபி. மதர்போர்டில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா, இப்போது இருப்பது டிடிஆர்3யா டிடிஆர்4ஆ என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.