அயர்லாந்தில் யாம் கண்ட ஆட்டம்

யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மை அணுகியபோது, தமிழாசிரியராகிய யாம் சங்க இலக்கியம் பற்றியோ நாவலர் பெருமான் பற்றியோ எழுதுவோமென்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அப்பொருள்களில் எம்மினும் வல்லார் பலர் உளர். ஆகவே விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். மைதானத்தில் எம்மைக் கண்டறியாத பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும், நகைக்கட்டும்.

சில ஆண்டுகளின் முன், ஆவணி விடுமுறையில், அயர்லாந்தில் வைத்தியராகப் பணிபுரியும் எமது மைத்துனர் இல்லத்தில் இரு வாரம் தங்கினோம். ஒரு ஞாயிறு பிற்பகல், "அத்தான், இதைப் பார்க்காமல் நீங்கள் ஊருக்குப் போகக் கூடாது" என்று கூறி, ரிப்பெரரி மாவட்டத்துக் கிராமமொன்றுக்கு எம்மை அவர் அழைத்துச் சென்றார். உதைபந்தாட்டம் காணப் போகின்றோம் என்றே எண்ணியிருந்தோம். கண்டதோ வேறு. பக்கத்துக்குப் பதினைவராய், தலைக்கவசம் அணிந்து, நுனி அகன்ற மரமட்டைகளை ஓங்கியவாறு முப்பது பேர் புற்றரையிலே பாய்ந்தனர். மட்டையோடு மட்டை மோதும் ஒலி விறகு பிளக்கும் ஒலிபோலக் கேட்டது. பந்து எங்கே போயிற்று என்று யாம் தேடுவதற்குள் அது மறுகோடியில் இருந்தது. இன்று எவர் மண்டை உடையப் போகிறதோ என்று அஞ்சியவாறே முதற் கால்மணி நேரம் கழிந்தது.

இதுவே ஹேர்லிங் என்னும் ஆட்டம். ஹொக்கியைப் போன்றது என்று சொன்னால் அயர்லாந்தார் முகஞ்சுளிப்பர். மட்டைக்குக் கமான் என்றும், 110 முதல் 120 கிராம் வரை நிறையுள்ள தோற்பந்துக்கு ஸ்லிற்றர் என்றும் பெயர். பந்தை நிலத்தில் அடிக்கலாம். வானத்திலே பறக்கையில் அடிக்கலாம். கையாற் பிடிக்கவும் செய்யலாம். கையில் வைத்துக்கொண்டு நாலடிக்கு மேல் நடத்தல் ஆகாது. அதன்பின் மட்டையின் நுனியிலே பந்தை ஏந்திக்கொண்டு, அது விழாமல் முழு வேகத்துடன் ஓடவேண்டும். கரண்டியில் தேசிக்காய் ஏந்தி ஓடும் எமது பாலர் வகுப்புப் போட்டியை நினைத்துக்கொள்க. ஆனால் இங்கே பின்னால் ஒருவன் மட்டையோடு துரத்திக்கொண்டு வருவான். கோற்கம்பங்களுக்கு இடையே குறுக்குச் சட்டமொன்று உண்டு. அதன் கீழாகப் பந்து சென்றால் மூன்று புள்ளி. மேலாகச் சென்றால் ஒரு புள்ளி. எண்பது மீற்றருக்கு அப்பால் நின்றும் அப்புள்ளியைப் பெறவல்லார் உளர்.

ஆட்டத்தினும் எம்மை வியப்பித்தவை அருகிருந்து மைத்துனர் கூறியவை. கோல்காப்பவர் பாடசாலை ஆசிரியராம். நடுவில் நின்று தாக்கும் நெடியவர் பால்மாடு வளர்ப்பவர். இடப்புறத்து இளைஞன் டப்ளினில் தொழில் செய்பவன். பயிற்சிக்காக மாலையிற் காரோட்டி ஊருக்கு வந்து, இரவே திரும்பிவிடுவானாம். எவருக்கும் சம்பளம் இல்லை. மாவட்ட அணியில் இடம்பெற்று, 82,000 பேருக்கு மேல் அமரக்கூடிய டப்ளின் குரோக் பார்க் அரங்கிலே இறுதியாட்டம் ஆடுவோருக்கும் இதுவே நிலை. செலவுப் பணமும் அரசின் சிறு உதவித்தொகையும் உண்டு, அவ்வளவே. ஒருவன் தன் ஊர்க்கழகத்துக்கே ஆடுவான். வேறூரார் விலைகொடுத்து அவனை வாங்குதல் அங்கு வழக்கமில்லை.

இது மிகப் பழைய ஆட்டம். அந்நாட்டுப் பழங்கதையில் வரும் கூஹலன் என்னும் வீரன், சிறுவனாயிருக்கையில் தன் மட்டையையும் பந்தையுங் கொண்டே ஒரு கொல்லனின் காவல்நாயைக் கொன்றான் என்பர். 1366ஆம் ஆண்டு கில்கெனி நகரிற் கூடிய ஆங்கிலேயர் மன்றம், அயர்லாந்தில் வாழும் ஆங்கிலேயர் இவ்வாட்டத்தை ஆடலாகாதெனச் சட்டம் இயற்றிற்று. அந்தக் கில்கெனியே பிற்காலத்தில் அகில அயர்லாந்து வெற்றிக் கிண்ணத்தை 36 முறை கைப்பற்றி ஏனைய மாவட்டங்களை முந்தியது. சட்டங்களுக்கு இப்படியும் ஒரு கதி!

எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாட்டம் அழியும் நிலையை எய்தியது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தால் ஊர்கள் வெறுமையாயின. எஞ்சியோரிற் பலர் கிறிக்கெற்றுக்கு மாறினர். இந்நிலையில் இதனை மீட்டவர் எம்மைப் போன்ற ஓர் ஆசிரியர் என்பதை இங்கே பெருமையோடு குறிக்கின்றோம். மைக்கல் கியூசாக் 1847இல் கிளெயர் மாவட்டத்திற் பிறந்தவர். ஐரிஷ் மொழி பேசி வளர்ந்தவர். அரசாங்க சேவைப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும் கல்விக்கூடமொன்றை, இன்றைய வழக்கிற் சொன்னால் ஒரு ரியூற்றரியை, டப்ளினில் நடத்தியவர். அவர் தாமே கிறிக்கெற்றும் றக்பியும் ஆடியவர். 1884 நவம்பர் 1ஆந் திகதி தேர்ள்ஸ் நகரத்து விடுதியொன்றில் ஒரு சிலரைக் கூட்டிக் கேலிக் மெய்வல்லுநர் சங்கத்தை நிறுவினார். ஊருக்கு ஊர் வேறுபட்ட விதிகளை மொறிஸ் டேவின் என்னும் விளையாட்டு வீரர் ஒழுங்குசெய்து எழுதினார். காப்பாளராய் அமைந்தோருள் ஒருவரான பார்னெல் என்னும் அரசியற் தலைவர் கிறிக்கெற்றில் ஊறியவர். இரண்டு ஆண்டு செல்லுமுன், கணக்கு வையாமையாலும் கடுஞ்சொற்களாலும் கியூசாக் செயலாளர் பதவியை இழந்தார். சங்கம் நிறுவுவோர் வேறு, நடத்துவோர் வேறு என்பது பழைய மாணவர்களாகிய உங்களுக்கு அறியாத செய்தியன்று.

இனிச் சொல்லப்போவதே எம்மை நெடுநாள் உறுத்தியது. கிறிக்கெற், றக்பி, உதைபந்தாட்டம், ஹொக்கி ஆகியன அந்நிய ஆட்டங்கள். அவற்றை ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் சங்கத்தில் இடமில்லை என்று பின்னாளில் ஒரு விதி வந்தது. யார் எங்கே பார்க்கின்றார் என ஒற்றறியக் குழுக்களும் அமைக்கப்பட்டன. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1920 நவம்பர் 21ஆந் திகதி குரோக் பார்க்கில் டப்ளினும் ரிப்பெரரியும் பந்தாடிக் கொண்டிருக்கையில், பிரித்தானியப் படையினர் உட்புகுந்து சுட்டனர். மைக்கல் ஹோகன் என்ற ஆட்டக்காரர் உட்பட 14 பேர் இறந்தனர். அத்தகைய நாளைக் கண்டவர் கதவடைத்ததை எளிதாகக் குறைகூற எம்மால் இயலாது.

ஆயினும் 1938இல் நிகழ்ந்ததை நோக்குக. டக்ளஸ் ஹைட் என்பார் ஐரிஷ் மொழியை மீட்கக் கேலிக் கழகத்தை 1893இல் தொடங்கிய அறிஞர். அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரும் அவரே. தலைவர் என்ற முறையில் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அயர்லாந்துக்கும் போலந்துக்கும் நடந்த உதைபந்தாட்டத்தைச் சென்று பார்த்தார். அடுத்த மாதமே மெய்வல்லுநர் சங்கம் அவரைக் காப்பாளர் நிலையினின்றும் நீக்கியது. தன் மொழிக்கு வாழ்நாளைக் கொடுத்த ஒருவரை, மாற்றார் ஆட்டத்தைக் கண்ணாற் பார்த்தார் என்பதற்காக நீக்கினர்! மொழி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இச்செய்தி கசக்கின்றது. வீட்டைக் காப்பதாக எண்ணி வீட்டுக்காரரையே வெளியேற்றிய கதை இது.

அவ்விதி 1971இல் நீக்கப்பட்டது. ஹேர்லிங் அழிந்துவிடும் என்று அஞ்சினோர் பலர். அழியவில்லை. 2007 பெப்ரவரி 24ஆந் திகதி அதே குரோக் பார்க்கில் இங்கிலாந்தின் றக்பி அணி வந்து ஆடியது. இங்கிலாந்தின் தேசிய கீதம் ஒலிக்கையில் அரங்கு அமைதி காத்தது. பின் நடந்த ஆட்டத்தில் அயர்லாந்து 43க்கு 13 என வென்றது. 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹேர்லிங்கை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. பெண்டிர் ஆடும் கமோகி 1904 தொடக்கம் தனக்கெனச் சங்கம் கொண்டு வளர்கின்றது. ஒன்பதின்மர் ஆடும் ரவுண்டேர்ஸ், கோர்க்கிலும் ஆர்மாவிலும் பொது வீதியிலே இரும்புக் குண்டெறியும் ஆட்டம் முதலியனவும் உள. அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதன்றிக் கண்டிலோம்.

ஊர் திரும்பியபின் ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்தில், இல்ல விளையாட்டுப் போட்டியிற் கிளித்தட்டையும் சேர்க்கலாமே என்றோம். கிறிக்கெற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. பெரும்போட்டி நாளில் எமக்கும் இருப்புக் கொள்ளாது. "அதற்கு விதிப்புத்தகம் உண்டா, மாஸ்ரர்? நடுவர் யார்?" என்று அன்பர் ஒருவர் வினவினார். வினா தக்கதே. டேவினும் அதையே எதிர்கொண்டார். ஒன்பதாம் வகுப்பு மாணவரைத் தத்தம் பேரன் பேர்த்தியரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னோம். நடுக்கோட்டில் ஓடும் கிளிக்கு எவ்வளவு உரிமை என்பதில் மட்டும் மூன்று ஊருக்கு மூன்று விதி கிடைத்தன. முதியோர் சிலர் விதியைச் சொல்லத் தொடங்கி, எழுந்து நின்று முற்றத்து மணலிற் கோடு கீறியே காட்டினராம். அக்குறிப்புகளைத் தொகுத்து வருகின்றோம். இதனை வாசிக்கும் பழைய மாணவர் தம்மூர் விதியை எழுதியனுப்பினால் பேருதவியாகும். கடல்கடந்து வாழ்வோரும் மறவாதிருப்பர் என நம்புகின்றோம்.

மைத்துனரின் மகன் தான் ஆடிப் பழகிய கமானொன்றை எமக்குத் தந்தனுப்பினான். ஆஷ் என்னும் மரத்தின் அடியில், வேரோடு கூடுமிடத்து வைரம் வளைந்து செல்லும் பகுதியிலிருந்து அதனைச் செய்வராம். 2012இல் அந்நாட்டிற் காணப்பட்ட ஒருவகைப் பூஞ்சண நோய் அம்மரங்களைப் பட்டுப்போகச் செய்துவருவதால், இப்போது மூங்கிலாலும் மட்டை செய்து பார்க்கின்றனர். எமது கமான் ஆசிரியர் அறையில் அலுமாரிக்கருகே சாத்தி வைக்கப்பட்டுள்ளது. விரும்பும் மாணவர் இடைவேளையில் வந்து கேட்கலாம். பந்தும் தருவோம், யன்னற் கண்ணாடிகளுக்கு மட்டும் யாம் பொறுப்பல்லோம்.