மாற்றுச் சாவியும் ஓர் அமானிதமே



கடந்த ரமளானில் ஓர் இரவு, சஹருக்கு எழுந்த உம்மாவுக்குத் திடீரென மூச்சுத் திணறியது. ஆவடியில் எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிறது, சாவிதான் இல்லை. மாலையில் வண்டியை எடுத்துச் சென்ற மகன், சாவியைச் சட்டைப்பையில் வைத்தபடியே கோவைக்கு ரயிலேறிவிட்டான். பீரோவில் நான்காண்டுகளாக யாரும் தொடாத மாற்றுச் சாவி இருந்தது. அழுத்தினேன், கதவு திறக்கவில்லை.

மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். "வாப்பா, ரிமோட்டுக்குள் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது; அதை உருவிக் கதவைத் திறங்கள். பிறகு ரிமோட்டாலேயே ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள்" என்றான். வண்டி உயிர்பெற்றது. உள்ளிருக்கும் அடையாளச் சில்லுக்கு பேட்டரி தேவையில்லை. மிக அருகில் வைத்தால் வண்டியிலிருந்தே ஆற்றலைப் பெற்றுக்கொள்ளும். சில வண்டிகளில் சாவியை வைப்பதற்குத் தனி இடமுண்டு. கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்வது நலம்.

பயன்படுத்தாத பொருள் தேயாது என்றுதான் எண்ணியிருந்தேன். பொத்தானை அழுத்தி இயக்கும் வண்டியின் சாவியோ, பீரோவில் கிடக்கும்போதும் வண்டியின் அழைப்புக்காகக் காதுகொடுத்தபடியே இருக்கிறது. பேட்டரியும் மெல்லத் தீர்கிறது. வண்டிக்கு வெகு அருகில் வைத்தால் இன்னும் விரைவில் தீரும்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அதைவிடப் பெரிய வெட்கம் காத்திருந்தது. நோயாளிக்காக ஓதும் துஆவைச் சிறுவயதில் வாப்பா எனக்குக் கற்பித்திருந்தார். கையேந்தினேன், பாதியில் நின்றுவிட்டது. அதையும் அல்லவா நான் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்! தெரிந்த மொழியில் அழுது கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், உம்மா நலமுடன் வீடு திரும்பினார்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஷஅபானில், ரமளானுக்காக வீட்டைத் துப்புரவு செய்யும்போதே, இரு சாவிகளுக்கும் புது பேட்டரி போட முடிவு செய்திருக்கிறேன். எங்களுடையது சிஆர்2032: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பழையது கசிந்திருக்கிறதா என்று பார்த்து, தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்து, கூட்டல் குறியின் திசை மாறாமல் பொருத்த வேண்டும். கழற்றியதை உடனே டேப்பால் சுற்றிக் குழந்தைகளுக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மாதத்தின் முதல் ஜும்ஆவுக்கு மாற்றுச் சாவியால்தான் வண்டியை எடுக்கிறேன். தொழுதுவிட்டு வந்ததும் உம்மாவின் அருகில் அமர்ந்து அந்த துஆவை முழுவதுமாக ஓதுகிறேன். நான் தடுமாறினால் அவரே எடுத்துக்கொடுக்கிறார்.

ஆடை நைந்துபோவதைப் போல் உள்ளத்தில் ஈமானும் நைந்துபோகும், அதைப் புதுப்பிக்குமாறு இறைவனிடம் கேளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். நெருக்கடிக்கென்று எடுத்து வைத்தவற்றை, நெருக்கடி வருமுன் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அதற்கான தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.