பேஸ் கிடார் ஏன் உறுமுகிறது?

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஆர்க்கெஸ்ட்ரா கேட்டவர்களுக்கு இது பழகிய விஷயம். முதல் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே ஸ்பீக்கரிலிருந்து "உர்ர்ர்..." என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருக்கும். பாடகர் மைக்கை முறைப்பார். மைக்செட்காரர் பேஸ் வாசிக்கிற பையனை முறைப்பார். பையன் கிடாரை முறைப்பான். கிடார் யாரையும் முறைக்காது, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பிக்கப் போயிடுச்சு தம்பி, மாத்திடலாம்" என்பதுதான். பிக்கப்தான் கிடாரில் விலை கூடிய பாகம். ஆனால் கெட்டுப்போவது மிகவும் அபூர்வமான பாகமும் அதுதான். உள்ளே இருப்பது காந்தமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றுகளும் மட்டுமே. அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. தினமும் திருகப்படுவது வால்யூம். ஒவ்வொரு கச்சேரிக்கும் குத்திப் பிடுங்கப்படுவது ஜாக். பழுது எங்கே வரும் என்று ஊகிக்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

சரி, அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது? நெய்வேலியிலிருந்துதான்! வேடிக்கைக்குச் சொல்வதல்ல. 1962-ல் நெய்வேலியில் முதல் அனல்மின் யூனிட் ஓடத் தொடங்கியது. அந்தப் பழைய நிலையம் இப்போது மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே அடுத்தடுத்து வந்த நிலையங்களிலும் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று. வீட்டுக்கு வருகிற கரண்டும் அதனால்தான் 50 ஹெர்ட்ஸ். காந்தப்புலம் மாறினால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்ததை வைத்துத்தான் அந்த ஜெனரேட்டரும் ஓடுகிறது, பிக்கப்பும் வேலை செய்கிறது. பிக்கப்பில் அந்த மாற்றத்தை உண்டாக்குவது அதிர்கிற இரும்புத் தந்தி. கோளாறு என்னவென்றால், தந்தி கிளப்பிய மாற்றம் எது, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரும் சீரியல் செட்டும் கிளப்பிய மாற்றம் எது என்று பிரித்துப் பார்க்கப் பிக்கப்புக்குத் தெரியாது. இரண்டையும் அனுப்பிவிடும்.

லீட் கிடார்காரருக்கு இது தொல்லை மட்டும்தான். பேஸ்காரருக்கோ வயிற்றெரிச்சல். பேஸின் தடித்த தந்தியில் மூன்றாவது கட்டையில் விரல் வைத்தால் வரும் 'ஜி' ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். உறுமல் 50. ஜி-யை சுருதியாக வைத்த பாட்டு என்றால், இரண்டும் மோதி நொடிக்கு ஒரு தரம் "வவ்... வவ்..." என்று அலை அடிக்கும். (ஒரு பண்ணின் பெயரைத் தாங்கிய ஊரில் சுருதிக்கு இப்படி ஒரு சோதனை! குறிஞ்சி என்று பெயர் வைத்துவிட்டு ஒரு மலைகூட இல்லாத ஊர் என்பது வேறு கதை.)

லியோ ஃபெண்டர் 1951-ல் ப்ரிசிஷன் பேஸையும் 1960-ல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தார். கடைகளில் கிடைக்கிற மலிவு பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் நகல்கள்தான். ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப், இரண்டு வால்யூம், ஒரு டோன். பெரும்பாலானவற்றில் இரண்டு பிக்கப்பையும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பார்கள். இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் ஒன்றின் உறுமலை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் உறுமல் திரும்பி வரும். இது பழுதே அல்ல. இதற்காகக் கிடாரைப் பிரித்துப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, பாவம்.

உண்மையிலேயே பழுது என்றால்? முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், கிடாரைத் திறக்கக்கூட வேண்டாம். கேபிளைக் கிடாரில் செருகி, இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்து, மறுமுனைப் பின்னின் நுனிக்கும் உடம்புக்கும் நடுவே மின்தடையை அளக்க வேண்டும் (மின்தடை என்றதும் 'கரண்ட் கட்' ஞாபகம் வந்தால் குற்றமில்லை, இது ரெசிஸ்டன்ஸ்). உள்ளே பேட்டரி இல்லாத ஜாஸ் வகை என்றால், ஒவ்வொரு பிக்கப்பும் சுமார் 7, 8 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் அதில் பாதி, நான்குக்குப் பக்கத்தில் காட்டும். இரண்டும் முழுதாக இருந்தும் ஏழெட்டு காட்டினால் ஒரு பிக்கப் இணைப்பிலேயே இல்லை. நூற்றுக்கு மேல் போனால் இரண்டுமே இல்லை, மீட்டருக்குத் தெரிவது வால்யூம் கன்ட்ரோல்கள் மட்டும்தான். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். பெரும்பாலும் ஜாக்கில் ஒரு பிசிறுக் கம்பி பக்கத்துக் காலைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்த ஒரு அளவு கையில் இருந்தால் 'பிக்கப் போச்சு' என்ற பேச்சை எந்தக் கடையிலும் தைரியமாகக் கேள்வி கேட்கலாம்.

வால்யூமைத் திருப்பும்போது 'கரகர' என்றால் தூசி. அதற்கென்றே கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இருக்கிறது; இரண்டு அடி அடித்து இருபது தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய் விடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். வேண்டாம், அது இன்னும் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

இதைவிட சுவாரசியமான கேஸ் ஒன்று உண்டு. "ஒரு வால்யூமைக் குறைச்சா ரெண்டு பிக்கப்புமே செத்துப்போகுதுண்ணே!" ரிப்பேருக்குப் போய் வந்த ஜாஸ் பேஸ்களில் இது அடிக்கடி நடக்கும். வால்யூம் கன்ட்ரோலுக்கு மூன்று கால். ஒரு ஓரக்கால் எர்த்துக்குப் போகும். சாதாரணமாக பிக்கப் வயரை இன்னொரு ஓரக்காலில் கொடுத்து, நடுக்காலிலிருந்து வெளியே எடுப்பார்கள். ஒரே வால்யூம் இருந்தால் அது சரி. இரண்டு வால்யூம் ஒரே ஜாக்கில் சேரும்போது, ஒன்றை பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் அதன் நடுக்கால் நேராக எர்த்தைத் தொடும். கூடவே அடுத்த பிக்கப்பின் சத்தமும் எர்த்துக்குள் போய்விடும். அதனால்தான் ஜாஸ் பேஸில் தலைகீழாக, பிக்கப்பை நடுக்காலில் கொடுத்து ஓரக்காலில் எடுக்கிறார்கள். இரண்டு வயரை இடம் மாற்றிப் பற்றவைத்தால் தீர்ந்தது. பழக்க தோஷத்தில் ரேடியோ போல வயர் செய்தவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை.

இனி எர்த் வயர். பேஸின் பிரிட்ஜுக்கு அடியில், மரத்தில் போட்ட துளை வழியாக ஒரு ஒற்றை வயர் வந்து தகட்டின் கீழ் மாட்டிக்கொண்டிருக்கும். பல கிடார்களில் பற்றவைப்புகூடக் கிடையாது, தகடு அழுத்துகிற அழுத்தம்தான். பிரிட்ஜைக் கழற்றி மாட்டியவர் கொஞ்சம் அசட்டையாக இருந்தால் போதும், தொடர்பு விட்டுவிடும். கண்டுபிடிப்பதும் எளிது. தந்தியைத் தொட்டால் உறுமல் குறையவில்லை, ஜாக்கின் இரும்பைத் தொட்டால் குறைகிறது என்றால், போனது அந்த வயர்தான். வாசிப்பவரின் உடம்பே ஒரு ஏரியல் மாதிரி சுற்றுப்புற இரைச்சலை வாங்கிக் கிடாருக்குள் அனுப்புகிறது. தந்தி வழியாக உடம்பு எர்த்தோடு சேர்ந்ததும் அது அடங்குகிறது.

ஆனால் இந்த வயரைச் சரிசெய்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. இப்போது தந்தி, ஜாக், கேபிள் வழியாக வாசிப்பவரின் கை ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கிறது. அந்தப் பெட்டியும் பூமியோடு இணைந்திருந்தால் நல்லது. உறுமல் போகட்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கியிருந்தாலோ, மைதானத்து ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியே அடிக்காமல் இருந்தாலோ, உள்ளே ஒரு சின்னக் கசிவு போதும், 230 வோல்ட் தந்திக்கு வந்துவிடும். எதிரே மைக் வேறொரு பெட்டியில். ஒரு கை தந்தியில், உதடு மைக்கில் பட்டால், நடுவில் இருப்பது நெஞ்சு. ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972-ல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகர மேடையில், கையில் கிடாரோடு மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

ஆகவே உறுமலுக்கு மருந்து எர்த்தை வெட்டுவதில் இல்லை. கிடாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டி அதை எர்த்தோடு சேர்க்கலாம். ஆம்ப்ளிஃபயரையும் மிக்ஸரையும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுக்கலாம். சீரியல் செட் வயரைத் தள்ளிப் போடச் சொல்லலாம். எல்லாம் செய்தபிறகும் கொஞ்சம் உறுமினால் உறுமிவிட்டுப் போகட்டும். பாட்டு ஆரம்பித்து டிரம்ஸ் விழுந்துவிட்டால் கூட்டத்தில் யாருக்கும் அது கேட்கப்போவதில்லை.

கச்சேரிக்கு முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாசிக்கலாம். இருபது, ஐம்பது என்று ஏறினால், ஜெனரேட்டர்க்கார அண்ணன் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஆரம்பிங்க" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, எர்த் கம்பி எங்கே அடித்திருக்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும்.