வலிக்கிற வரைக்கும் விரல் பத்திரம்



இன்னைக்கு ஒரு விரலைப் பற்றிப் பேசணும். கூடவே மனசாட்சியைப் பற்றியும்.
(நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நாட்றம்பள்ளியில் அரசு மருத்துவராக இருக்கிறேன். ஓபியில் ஒரு அண்ணன் வந்தார். ஷூ கம்பெனி வேலை. சுண்டுவிரலில் பெரிய கொப்புளம்.

"டீ டம்ளர் சுட்டிருக்கு சார். கொப்புளம் வந்தப்புறம்தான் பார்த்தேன்."

பஞ்சால் தொட்டேன். தெரியவில்லை. முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தேன். தடித்திருந்தது. தொழுநோய்.

"எத்தனை மாசமாண்ணா மரத்திருக்கு?"

"ஆறு மாசம் இருக்கும் சார். வலிக்கல, அதான் வரல."

பயப்படாதீர்கள். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். ஆனால் "வலிக்கல, அதான் வரல" என்ற அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது.

தொழுநோய் விரலைத் தின்கிறது என்றுதான் உலகம் நம்பியது. 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். எல்லோரும் சொல்வதை அவர் அப்படியே ஏற்கவில்லை. நோயாளிகளின் ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துருவிப் பார்த்தார். நோய் கெடுத்தது நரம்பை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் கவனிப்பாரற்றுப் புண்ணாகி விரல்கள் போயின. ராத்திரி தூங்கும்போது எலி கடித்துக்கூட விரல் போயிருக்கிறது. அதற்குப் பூனை வளர்க்கச் சொன்னார்கள்.

சபையில் வளர்ந்தவன் நான். மனசாட்சி சூடு போட்டதுபோல் மரத்துப்போன மனிதர்களைப் பற்றி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைச் சின்ன வயதிலேயே படித்திருக்கிறேன். யாரோ கெட்டவர்களைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், நான் பார்க்காத ஒருவருக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தேன். தெரிந்தவர், மறுக்க முடியவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டாவது முறை கொஞ்சம் உறுத்தியது. மூன்றாவது முறை கையெழுத்துப் போட்டுக்கொண்டே டீ குடித்தேன்.

எனக்கும் வலிக்கவில்லை.

போன வருஷம் ஒரு அடிதடி கேஸ். அடிபட்டவர் எங்கள் சபைப் பையன். உண்மையிலேயே அநியாயமாக அடி வாங்கியிருந்தான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டமும் அதைத்தான் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதைத்தான் சொல்கிறது. முறிவு என்று எழுதினால் எதிராளிக்குக் கேஸ் இறுகும்.

சபைப் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, நியாயம் நம்ம பக்கம்தான இருக்கு. வூண்ட் சர்டிபிகேட்ல ஒரு வார்த்தைதான?"

பணம் கொடுத்திருந்தால் மறுப்பது சுலபம். இவர் கேட்டது நியாயத்தின் பேரால். நம் காலத்தின் குழப்பமே இதுதான். பொய் நம் சொந்தக்காரர் முகத்தோடு, பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது.

என்ன இருந்ததோ அதைத்தான் எழுதினேன். வீக்கம், சிராய்ப்பு, அளவு. முறிவு இல்லை.

அந்தப் பையனின் அம்மா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. ஆராதனை முடிந்து எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. வலிக்கிறது. ஆனால் வலிக்கிறதே என்று ஒரு நிம்மதியும் இருக்கிறது.

பொய் சாட்சி சொல்லாதே என்ற கட்டளையில் "நம்ம ஆளாக இருந்தால் பரவாயில்லை" என்ற விலக்கு கிடையாது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அதற்கு நான் கண்ட வழி ரொம்ப எளிது.

கையெழுத்துப் போடும் முன், வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பும் முன், இரண்டு கேள்விகள்.

இதை என் கண்ணால் பார்த்தேனா?
எதிராளியின் பிள்ளைக்கும் இதையேதான் எழுதுவேனா?

தொழுநோயாளிகளுக்கு நாங்கள் சொல்வது: தினமும் ராத்திரி கையையும் காலையும் கண்ணால் பாருங்கள், வலியை நம்பிக் காத்திருக்காதீர்கள். நானும் ராத்திரி ஜெபத்தில் அன்றைக்குப் போட்ட கையெழுத்துகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால், கை கால் மரத்திருந்தால், வலிக்கவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்த அண்ணன் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். டீ டம்ளரைத் துணி சுற்றித்தான் பிடிக்கிறார்.