புண் ஆறும்வரை ஓர் இடம்

மருத்துவர் தரும் சீட்டு, நோயாளிக்கு வீடு உண்டு என்று எண்ணியே எழுதப்படுகிறது. சென்னை நடைபாதையில் உறங்கும் பெரியவர் ஒருவரைக் கால்புண்ணுக்காக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். காசு கேட்கவில்லை, கனிவாகவே நடத்தினர். “ஈரம் படாமல், காலை உயர்த்தி வைத்துப் படுங்கள்” என்றார் மருத்துவர். வெளியே ஐப்பசி மழை. பெரியவர் கும்பிட்டு, “சரிங்க ஐயா” என்றார்.

ஆறு மாதம் மாத்திரை உண்ணவேண்டிய காசநோயாளியின் பாடு இன்னும் கடினம். சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கிவந்த அரசு, 2024-இல் அதை 1000 ஆக்கியது. நல்லதே. ஆனால் பணம் வங்கிக் கணக்கில் வருகிறது. கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும். நடைபாதையில் முதலில் களவுபோவது அந்த அட்டைதான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மருத்துவமனையில் இருத்துமளவு நோயுமில்லாத, தெருவுக்கு அனுப்புமளவு நலமுமில்லாத வீடற்றோர்க்கென்றே 1985 முதல் படுக்கைகள் உண்டு. இங்கே பெரிய கட்டடம்கூட வேண்டாம். எங்கள் பங்கின் பழைய மறைக்கல்வி அறை பூட்டியே கிடக்கிறது. மூன்று கட்டில் போடலாமா என்று பங்குப் பேரவையிடம் கேட்டோம். இரவில் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டனர். நியாயமான கேள்வி. முறைவைத்துத் தங்க இதுவரை நால்வர் பெயர் கொடுத்திருக்கிறோம்.