அம்மாவின் ரிப்போர்ட்டில் ஒரு 'பாசிட்டிவ்'!

பயாப்ஸி ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தபோது மகன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். 'சிடி117 பாசிட்டிவ், டாக்1 பாசிட்டிவ், டெஸ்மின் நெகட்டிவ்.' அம்மாவின் இரைப்பைக் கட்டி கல்லீரலுக்கும் பரவியிருப்பதாக ஸ்கேன் முன்பே சொல்லியிருந்தது. இப்போது இரண்டு பாசிட்டிவ் வேறா? கொரோனா காலத்திலிருந்தே அவனைக் கலங்கடிக்கும் சொல் அது.

"ரிப்போர்ட் இன்னும் வரலைம்மா" என்று வீட்டில் பொய் சொன்னான்.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்ததும் அம்மாவே கேட்டார். "பாசிட்டிவ்னா கெட்டதுதானே டாக்டர்?"

"நீங்க என்ன வேலை பார்த்தீங்கம்மா?"

"சின்னாளப்பட்டியில சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவேன். நாப்பது வருஷமா."

டாக்டர் சிரித்தார். "அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும். முடிச்சு இருக்குற இடத்துல சாயம் ஏறாதுல்ல? இங்கே தலைகீழ். கட்டியோட துணுக்குல சிடி117ங்கிற புரதம் இருந்தாத்தான் பழுப்புச் சாயம் ஏறும். உங்களுக்கு நல்லா ஏறியிருக்கு. இது 'ஜிஸ்ட்'ங்கிற கட்டி. தசைக் கட்டியும் இதுவும் மைக்ராஸ்கோப்ல ஒரே மாதிரி தெரியலாம். சாயம்தான் பிரிச்சுக் காட்டும். இதுக்கு மாத்திரை இருக்கும்மா."

அந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அந்தப் புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பிழைதான் ஜிஸ்ட் செல்களை ஓயாமல் பெருக வைக்கிறது என்று 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அறுவை சிகிச்சையும் கீமோவும் கைவிட்ட பின்லாந்துப் பெண் ஒருவருக்கு, ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இமாட்டினிப் 2000 மார்ச்சில் கொடுக்கப்பட்டது. சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. இங்கே அந்த மருந்தின் காப்புரிமை வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், இந்திய நிறுவனங்களின் விலை குறைந்த மாத்திரைகள் தொடர்ந்து கிடைக்கின்றன.

"நோயை வேரோட எடுத்துடும்னு சொல்ல மாட்டேன். ஆனா பல பேருக்கு வருஷக்கணக்குல கட்டுக்குள்ள வச்சிருக்கு. மரபணு டெஸ்ட்டும் பார்த்துட்டு டோஸை முடிவு பண்ணலாம். நீங்களா மட்டும் மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா, மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் நேத்தே வந்துருச்சுல்ல?"

அவன் தலைகுனிந்தான்.

"இனிமே எதையும் மறைக்காதடா. கட்டியில ஏறுன சாயம் நிக்குது. உன் சாயம் ஒரே ராத்திரியில வெளுத்துருச்சு பாரு!"